வலது மூலையில் தொடங்கிய சுவர்

தம்பி,

போன ஞாயிறு பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். உன் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன் என்று என் பெயரைச் சொல்லி, பிறகு தரங்கம்பாடி ரோஸ்லின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் வாசித்தார் சாமியார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு ஒரு தடையும் கிடையாது. கல்யாணம் முடிந்து நீ அவளைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வருவதற்குத்தான் ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடை கஞ்சி போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. உன் அம்மா பெண்கள் பகுதியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நீ மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னதை அவள் ஒரு எழுத்து விடாமல் என்னிடம் சொல்லிவிட்டாள். அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "கோயில்லேருந்து நேரா கும்பகோணத்துல ரூம் போட்டுர்றோம்மா. வீட்டுக்கு வந்தா அப்பா வாசல்ல நின்னுக்கிட்டு எந்தக் கால எடுத்து வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருப்பாரு. அவளுக்கு அதெல்லாம் வேணாம். அந்தச் சுவத்தையும் எனக்குப் பாக்க வேணாம்." சொல்லி முடித்து, "அவன் வரணும்னா அந்தச் சுவத்த ஏதாவது பண்ணுங்க" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள். நான் என்ன பண்ணினேன், என்ன பண்ண முடியாமல் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஆறு வருஷமாக அந்த ஊர் வெயிலைப் பற்றி நான் விசாரித்த அளவுக்கு எவனும் விசாரித்திருக்க மாட்டான்.

முதலில் உன் கையைப் பற்றி எழுதிவிடுகிறேன். உனக்கு நினைவிருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் நீ சிலேட்டுக் குச்சியை இடது கையில் பிடித்தாய். நான் அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்து, அந்தக் கையை உன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு எழுதச் சொன்னேன். தினமும் வேலை முடிந்து வந்து கட்டுவேன். நீ அழவில்லை. ஒரு கட்டத்தில் நான் வரும் சைக்கிள் சத்தம் கேட்டதும் நீயே போய்த் துணியை எடுத்து வந்து, கையை மடக்கிக்கொண்டு நிற்பாய். அதைப் பார்த்து, பிள்ளை சொன்ன பேச்சு கேட்கிறான் என்று எனக்குப் பெருமை. எல்லா அப்பன்மாரும் செய்ததுதான், சிலுவை போடுவதும் சோறு தின்பதும் வலது கை, எழுதுவதும் அதுதான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படிச் சொல்ல வாய் வருகிறது. ஆனால் கையை மடக்கிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை கண்முன் வந்து நிற்கும்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

பெயின்ட் வேலைக்கு நீ என்னோடு வர ஆரம்பித்தபோது காலம் மாறிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷத்தில்கூட நம் பக்கத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. அது வயலில் விளைந்த வீடு இல்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் விளைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வெறும் வெள்ளையும் சந்தன நிறமும் கேட்கவில்லை. கையில் வழவழப்பான படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "மேஸ்திரி, இந்த மாதிரி வரி வரியா, மேடு பள்ளமா வேணும், டெக்ஸ்ச்சர்" என்றார்கள். சுவரை மட்டமாக்குவதற்கு முப்பது வருஷம் பழகியவன் நான். பட்டி பார்த்து, தேய்த்து, பல்ப் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, ஒரு மேடு தெரிந்தால் மறுபடி தேய்ப்பேன். மட்டமான சுவரைக் காசு கொடுத்து மேடு பள்ளமாக்குகிறார்களே, பைத்தியமா என்றேன். பெயின்ட் கம்பெனி தஞ்சாவூரில் ஓர் ஓட்டல் மாடியில் இரண்டு நாள் வகுப்பு வைத்தபோது, "சுவத்துக்கு என்னடா பாடம்" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துகொண்டேன். உண்மை என்னவென்றால், இந்த வயதில் போய் ஒருத்தன் முன்னால் தெரியாது என்று நிற்க எனக்குப் பயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீ திரும்பி வந்து பழைய பெயின்ட் வாளி மூடி ஒன்றை வெட்டி, ஆக்சா பிளேடால் பல் அறுத்து, ஒரு சீப்பு செய்தாய். ஒட்டுப்பலகை ஒன்றில் டெக்ஸ்ச்சர் பசையைத் தடவி, சீப்பை அதில் பதித்து மணிக்கட்டை மட்டும் திருப்பினாய். பாதி வட்டமாக ஒரு விசிறி விழுந்தது. அதன் ஓரத்தில் ஏறினாற்போல அடுத்தது. அதற்கு மேல் வரிசையில், இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. பலகை முழுக்க மீன் செதில் மாதிரி நிறைந்துவிட்டது. நான் பார்த்துவிட்டு, "பசை ரொம்பச் செலவாகும் போலிருக்கே" என்றேன். அன்றைக்கு என் வாயில் வந்தது அது ஒன்றுதான். அந்த விசிறிகளை நீ எந்தக் கையால் போட்டாய் என்பதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

குடமுருட்டி ஆற்றங்கரையோரம் நாம் வேலைக்குப் போன அந்தப் பெரியவர் வீடு. மகன் சிங்கப்பூரில், குடிபுகுவதற்கு மூன்று நாள் இருக்கிறது, முன் ஹாலின் பெரிய சுவருக்கு விசிறி டிசைன் வேண்டும் என்றார்கள். நீ காலையில் வலது மூலையில் தொடங்கினாய். இடது கைக்காரன் அங்கேதான் தொடங்க முடியும், கை போகிற பக்கம் ஈரச் சுவர் இருக்கக்கூடாது, முடித்ததை உன் கையே கலைத்துவிடும் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு அது வெறும் அடம்பிடித்தலாகத் தெரிந்தது. சுவர் பாதி வந்தபோது பெரியவர் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் மேஸ்திரி, பால் காய்ச்சப் போற வீட்டுல பீச்சாங்கையாலயா பூசுறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எலக்ட்ரீசியன் இருந்தான், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

"டேய், கைய மாத்து" என்றேன்.

"பாதியில மாத்தினா டிசைன் திரும்பிடும்ப்பா. வலது கையில போட்டா விசிறி அந்தப் பக்கமா ஏறும். ஒட்டு தெரியும்" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் எல்லார் காதுக்கும் கேட்கிற மாதிரி, "மறுபடியும் கட்டிவிடணுமாடா?" என்றேன்.

உனக்கு அப்போது இருபது வயது. டைல்ஸ்காரர்கள் சிரித்தார்கள், எதற்கு என்று தெரியாமலே. நீ சீப்பை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். அந்த இடத்திலிருந்து சுவர் கெட்டது. இந்தப் பாதி செதில் இடது பக்கம் பார்த்தது, அந்தப் பாதி வலது பக்கம் பார்த்தது, நடுவில் ஒட்டு தழும்பு மாதிரி நின்றது. உன் வலது கையில் சீப்பு நிலைகொள்ளாமல், வட்டம் வட்டமாகவே விழவில்லை. மறுநாள் பெரியவர் பார்த்து முகம் சுளித்தபோது நான் சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே எழுதக் கூசுகிற வார்த்தை. "பையன் புதுசுங்க, இன்னும் கை படியல" என்றேன். நீ அங்கேயே நின்றாய். கையை மாற்றச் சொன்னது நான்தான் என்று நீ சொல்வாய் என்று பார்த்தேன். நீயோ சுரண்டியை எடுத்துக்கொண்டு போய் முழுச் சுவரையும் நீயே சுரண்டினாய். நல்லாயிருந்த பாதியையும் சேர்த்து. பிறகு அந்தச் சுவருக்கு வெறும் இளநீலம் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மிஞ்சிய பசை வாளியை எடுத்து நம் வீட்டு முன்னறையில் நீ தொடங்கினாய். யாரையும் கேட்கவில்லை. வலது மூலையில் தொடங்கி, இடது கையால். நான் கடைத்தெருவிலிருந்து வந்தபோது பாதிச் சுவர் முடிந்திருந்தது, சுவிட்ச் போர்டு வரைக்கும். கதவருகில் நின்று பார்த்தேன். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை. ஒரு விசிறி இன்னொன்றைவிடப் பெரிதில்லை. நல்லாயிருக்குடா என்று சொல்லத்தான் நின்றேன். என்னை நீ திரும்பிப் பார்த்தாய். நான் எதையோ சொல்ல வாயெடுப்பதைப் பார்த்ததும் சீப்பைக் கொண்டுபோய்க் குழாயில் கழுவி, துடைத்து, ஜன்னலில் வைத்துவிட்டாய். என் வாயிலிருந்து என்ன வரும் என்று உனக்கு நான் அப்படிப் பழக்கியிருந்தேன். மூன்று வாரத்தில் விசா வந்தது.

இரண்டு தடவை லீவில் வந்தாய். இரண்டு தடவையும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டாய். "முடிச்சிட்டுப் போயேன்டா" என்று அம்மா கேட்டதற்கு, "மெட்டீரியல் இல்லம்மா" என்றாய். மெட்டீரியல் பாபநாசம் கடையிலேயே கிடைத்தது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் வாங்கி வந்திருக்கலாம். வாங்கி வந்தால் நீ என்ன சொல்வாயோ என்று வாங்காமல் இருந்தேன். பெற்ற பிள்ளை மேல் அப்பனுக்கு வருகிற பயத்தை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாது. அவர்கள் அதைப் பாவக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது வாங்கி வந்தேன். அம்மா பேசிய மறுநாளே. என் திட்டம் இதுதான்: மீதிப் பாதியை நான் முடித்துவிடுவது, நீ வந்து பார்க்கும்போது முழுச் சுவராக இருப்பது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று தெரிந்துதான் இறங்கினேன். நீ ஜன்னலில் வைத்த சீப்பு அங்கேயே இருந்தது. முதலில் ஒட்டுப்பலகையில் வலது கையால் போட்டுப் பார்த்தேன். விசிறி சுமாராக வந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்து வந்தது. அந்தப் பலகையை உன் சுவர் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தபோது பெரியவர் வீட்டுச் சுவரே திரும்பி வந்து நின்ற மாதிரி இருந்தது. பலகையைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் சீப்பை இடது கையில் எடுத்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், எனக்கு அறுபத்து மூன்று. நான்கு நாள் பலகையில் பழகினேன். கை என் கைதான், ஆனால் சொன்னால் கேட்காது. இந்தப் பக்கம் திருப்பு என்றால் தோளிலிருந்து போகிறது, விரல் பிடிக்கிற இடத்தில் பிடிக்காமல் சீப்பு நழுவுகிறது, பசை முழங்கை வரை வழிகிறது. கழுத்து நோகிறது. மூளைக்குள்ளே ஏதோ பிசைகிற மாதிரி எரிச்சல் வருகிறது, யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கிறது. அம்மா காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்னங்க இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி நாக்க வெளிய நீட்டிக்கிட்டு" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் நீயும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாய். இதைத்தான் நான் உன்னிடம் கேட்டிருக்கிறேன். நான்கு நாள் இல்லை, வருஷக்கணக்காக. அதுவும் கையைக் கட்டிப்போட்டு. அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்கு அழுகை வந்தது. எழுதுவதில் வெட்கம் இல்லை, வந்தது.

ஐந்தாம் நாள் சுவரிலேயே ஒன்று போட்டேன். உன் கடைசி விசிறிக்கு ஒட்டினாற்போல, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில். கோணலாக விழுந்தது. நசுங்கிய அப்பளம் மாதிரி இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்திருக்கலாம். எடுப்பதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றதில் அது இறுகிவிட்டது. இனிச் சுரண்டினால் உன்னுடையதும் சேர்ந்து வரும். சுரண்ட மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் வீடு வாய்க்கால் பக்கத்தில், சுவரில் ஈர ஓதம் ஏறுகிறது. நீ செய்த பாதியில் தரையிலிருந்து ஒரு முழ உயரம் உப்புப் பூத்து உதிர்கிறது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறுகிறது. சுண்ணாம்புச் சுவரென்றால் நான் ஒட்டுப் போட்டு ஆளுக்குத் தெரியாமல் செய்துவிடுவேன். இதில் ஒட்டுப் போட்டால் தெரியும், போட்டவன் கையும் தெரியும். நான் செய்ய ஒன்றும் இல்லை. காலையில் அம்மா பெருக்கும்போது முறத்தில் வெள்ளையாக வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "பேசாம எல்லாத்தையும் வழிச்சிட்டு வெள்ளையடிச்சிருங்க, புள்ள வந்தாப் போதும்" என்கிறாள் அவள். வாளியைத் திறந்து பிரஷ்ஷையும் நனைத்துவிட்டேன் ஒரு நாள். அடித்துவிட்டால் நீ பார்க்க வேண்டாதது இருக்காது. ஆனால் அந்தப் பெரியவர் வீட்டில் நல்ல பாதியையும் சேர்த்துச் சுரண்டினாயே, அதை என் கையால் இரண்டாவது தடவை செய்ய என்னால் முடியவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

கல்யாணம் பண்ணப்போகிற மகனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. தொழிலில் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதுவும் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். இந்த வேலையில் மூலையில் தொடங்கினால் மறு மூலை வரைக்கும் போய்விட்டுத்தான் டீ குடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடம் காலத்துக்கும் தெரியும். ரோஸ்லினோடு ஏதாவது பேச்சு வந்தால் அன்றைக்கே பேசி முடி. அவள் எந்தக் கையால் எதைச் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. நல்லாயிருக்கிறது என்று தோன்றினால் தோன்றிய அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல். நான் ஆறு வருஷம் தாமதித்துச் சொல்கிறேன்: நல்லாயிருக்குடா. ரொம்ப நல்லாயிருக்கு.

நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. வா என்று உத்தரவு போட்டுப் பழகிய வாய்க்கு வேறு மாதிரிக் கூப்பிடத் தெரியவில்லை. கும்பகோணத்தில் ரூம் போட்டால் போட்டுக்கொள், வழியில் இறங்கிவிட்டுப் போனால்கூடப் போதும். வாசலில் நான் நிற்க மாட்டேன். அம்மா நிற்பாள். நான் உள்ளே, அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பசை வாளி மூடியோடு இருக்கிறது, சீப்பு ஜன்னலில் இருக்கிறது. தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கீழே உள்ள கடைசி வரியை இடது கையால் எழுதியிருக்கிறேன். இதற்கே நாலு தாள் கெட்டுப்போனது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். புரியாவிட்டால் அம்மாவிடம் கேள், அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

எந்தக் காலை வைத்தாலும் சரி, ரெண்டு பேரும் வாங்க.

அப்பா